முழங்காலில் ஒட்டிய துணி

இன்று காலை அடிவார வாசலான மூன் கேட்டிலிருந்து பினாங்கு மலை ஏறும்போது, பாதி வழியிலேயே என் காட்டன் பேண்ட் நனைந்து முழங்காலில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஒவ்வொரு படிக்கும் துணியைக் கிள்ளித் தூக்கிவிட்டுத்தான் காலை வைத்தேன்.

வழியில் ஐந்தாம் நிலையம் என்ற ஓய்விடத்தில் உட்கார்ந்திருந்த சீன ஆண்ட்டிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மெல்லிய நைலான் பேண்ட், கிட்டத்தட்ட காய்ந்தே விட்டது. என் பேண்ட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து "பெராட்!" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார், கனம் என்று அர்த்தம்.

கனம்தான். 833 மீட்டர் மலைக்கு ஒரு வாளித் தண்ணீரைச் சுமந்த மாதிரி.

வெயிலுக்குக் காட்டன் என்றே வளர்ந்துவிட்டோம். வீட்டில், காற்றாடிக்குக் கீழே, சரி. இந்த ஊர் ஈரக்காற்றில் வியர்வை லேசில் காயாது, காட்டன் அதைக் குடித்துவிட்டு விடவே விடாது. நைலான் நூல் அவ்வளவாகக் குடிக்காது, சீக்கிரம் உலரும். ஆனால் நெசவு காற்று விடவேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் பைக்குள் நடப்பதுபோல் இருக்கும்.

சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் ஒவ்வொரு துணியாக வாயருகே வைத்து ஊதிப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வாங்கி வந்ததை விரித்ததும் அம்மா, "என்னடா, குடைத் துணியா?"