பை இல்லாத ஞாயிறு

கல்யாணமாகி சிங்கப்பூர் வந்த முதல் இரண்டு வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் ஜோடியாக வெளியே போனதென்றால் தேக்கா சந்தைக்கும் முஸ்தஃபா கடைக்கும்தான். போகும்போது பேச்சு, வரும்போது இரண்டு கையிலும் பை. கும்பகோணத்தில் மாமியார் வீட்டிலிருந்தபோது தனியாகக் கிளம்பக் கோயில் ஒன்றுதான் சாக்கு. அதற்கும் நாத்தனார் பையன் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நிற்பான். இங்கே செங்காங்கில் பதினோராவது மாடியில் யாரைக் கேட்க வேண்டும்? ஆனாலும் ஏதோ ஒரு வேலை இல்லாமல் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்ப எங்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் ஒரு சட்டம் போட்டோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, கையில் பை கூடாது, வீட்டுக்கென்று எதுவும் வாங்கக் கூடாது.

இந்த ஊரில் காசில்லாமல் ஊர்சுற்ற இவ்வளவு இருக்கிறதா என்று அப்போதுதான் தெரிந்தது. மரினா பராஜ் அணைக்கட்டின் புல் போட்ட கூரையில் பட்டம் விடலாம். கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் ராத்திரி 7.45க்கு அந்த ராட்சதச் செயற்கை மரங்கள் பாட்டோடு மின்னும். மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும், நின்று பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். எஸ்பிளனேட் கலையரங்கில் தண்ணீரோரம் சும்மா உட்கார்ந்து கச்சேரி கேட்கலாம். சாங்கி விமான நிலையத்து ஜுவல் கட்டடத்துக்குள் இருக்கும் அருவி 40 மீட்டர் உயரம், அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சுற்றிலும் கடை. எங்கள் சட்டத்துக்கு ஆகாத இடம்.

இதுவரை போனதில் எனக்குப் பிடித்தது உபின் தீவு. சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகை எடுப்பார்கள். நாங்கள் போனபோது ஒன்பது பேர். பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனை நோண்டினோம். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"அங்க போய் சைக்கிள் எடுக்கணும்ல? நான் ஓட்டிப் பதினஞ்சு வருஷமாச்சு."

"ஏங்க, காலேஜுக்கு சைக்கிள்லதான போனீங்க? அது திருடு போச்சுன்னு மாமா இன்னும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரே."

"திருடு போகல. மெஸ் பாக்கி கட்ட வித்துட்டேன்."

நாலு வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு, முன்பின் தெரியாத ஒன்பதாவது ஆள் வரைக்கும் திரும்பிப் பார்க்கிற மாதிரி நான் சிரித்தேன். அதற்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். தலைக்கு நாலு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பத்து நிமிஷத்தில் தீவு.

எனக்கு சைக்கிள் சரியாக வராது என்பதால் இரட்டை சீட் வண்டி எடுத்தோம். மேடு வந்தால் நான் காலைத் தூக்கிக்கொள்வேன். முன்னால் இருப்பவருக்குத் தெரியாது என்று நினைத்தேன், தெரிந்திருக்கிறது. தீவின் செக் ஜாவா பகுதியில் சதுப்பு நிலத்து மேலே போட்ட பலகைப் பாதைக்குள் வண்டி போகக் கூடாது, வெளியே நிறுத்திவிட்டுத்தான் நடக்க வேண்டும். இங்கேதான் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: சட்டத்தை மீறி ஒரு துணிப்பையில் எலுமிச்சை சாதமும் வடகமும் கட்டிக்கொண்டு போய், அதை ஹேண்டில்பாரிலேயே மாட்டி வைத்திருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் வண்டி சாய்ந்து கிடக்கிறது. ஒரு காட்டுப் பன்றி, பின்னால் கோடு போட்ட இரண்டு குட்டிகளோடு, என் பைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நிற்கிறது. கிட்டே போகக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதியே இருக்கிறது. நாங்கள் தள்ளி நின்று எங்கள் மதியச் சாப்பாட்டை வேடிக்கை பார்த்தோம். டப்பா மூடியை அது பல்லால் திறந்த லாவகம் எனக்கே வராது.

"பை கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றார். அன்றைக்கு முழுக்க அதையே சொன்னார்.

சாங்கிக்குத் திரும்பி, உணவங்காடியில் நாசி லெமாக் வரிசையில் நின்று சாப்பிட்டோம். பசிக்கு அந்தத் தேங்காய்ப்பால் சோறும் சம்பாலும் அமிர்தம். 2ஆம் நம்பர் பஸ்ஸில் மாடியில், முன்கண்ணாடியை ஒட்டிய சீட் கிடைத்தது. மரக்கிளைகள் கண்ணாடியில் உரசிக்கொண்டே வந்தன.

தானா மேரா நெருங்கும்போது, "வீட்ல உளுந்து தீர்ந்துபோச்சுல்ல?" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.