ஹெட்டைப் பிடித்திருக்கும் பத்து ஸ்டட்

கிருஷ்ணகிரியில் பட்டறை வைத்து இருபது வருடம் ஆகிறது. லாரி, டிராக்டர், மாங்காய் சீசனில் நிற்க நேரமில்லாமல் ஓடும் பிக்கப் வண்டிகள், இவைதான் பிழைப்பு. ரேலி ஓட்டும் பையன்கள் எப்போதாவது வருவார்கள். போன வருடம் ஓசூரிலிருந்து ஒரு தம்பி பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றைக் கொண்டுவந்தான். 1.3 லிட்டர் இன்ஜின். இன்ஜினின் உடலான பிளாக்கும் அலுமினியம், அதை மேலே மூடும் ஹெட்டும் அலுமினியம். ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி கம்ப்ரஷனை ஏற்றியாகிவிட்டது. ஹெட்டை எதைப் போட்டுப் பிடிப்பது என்பதுதான் பாக்கி.

மேசைமேல் ஒரு கவரைக் கொட்டினான். "அண்ணா, 12.9 ஆலன் போல்ட். இதைவிட கெட்டி எதுண்ணா இருக்கு?"

கெட்டிதான். 12.9 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 1200 நியூட்டன் வரை அறாது. 1080 வரை இழுத்தாலும் விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். ஒரு படி கீழான 10.9 கிரேடு போல்ட்டுக்கு அது 1000, 900. ஆனால் எஃகு எந்த கிரேடாக இருந்தாலும் ஒரே இழுப்புக்கு ஒரே அளவுதான் நீளும். அதே டார்க்கில், அதாவது அதே முறுக்கு விசையில், இறுக்கினால் இரண்டும் ஹெட்டை ஒரே அழுத்தத்தில்தான் பிடிக்கும். 12.9-இன் கூடுதல் பலம் வேண்டுமென்றால் கூடுதலாக முறுக்க வேண்டும். அப்படி முறுக்கினால் முதலில் போவது போல்ட் இல்லை, பிளாக்கில் இருக்கும் மரை. தவிர, ஆலன் போல்ட்டின் தலை சின்னது. தடித்த வாஷர் இல்லாமல் போட்டால் அலுமினியத்துக்குள் அமுங்கிவிடும், டைட் தானாக இறங்கிவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டறை தொடங்கிய புதிதில் ஒரு வேனுக்கு பழைய ஹெட் போல்ட்டையே திரும்பப் போட்டேன். ஒருமுறை நீட்டி முறுக்கினால் மறுமுறை போடக் கூடாத வகை அது. மரையைத் துடைக்கவும் இல்லை, எண்ணெய் தொடவும் இல்லை. சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது ரேடியேட்டர் ஹோஸ் கல் மாதிரி இறுகியிருந்தது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டது. கழற்றிய போல்ட்டைப் புது போல்ட் பக்கத்தில் வைத்தேன். மரைக்குச் சற்று மேலே இடுப்பு சுருங்கியிருந்தது. குடும்பத்தோடு வந்த மனிதர் அவர். அன்றைக்கு என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வைத்த டார்க் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் க்ளிக் என்றால் வேலை முடிந்தது என்று அப்போது நினைத்திருந்தேன். நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு தலைக்கு அடியிலும் மரையிலும் உரசலுக்கே போய்விடுகிறது. போல்ட்டை இழுப்பது மிச்சமுள்ள ஒரு பங்குதான். காய்ந்த மரையும் எண்ணெய் போட்ட மரையும் ஒரே க்ளிக்கில் ஒரே டைட் தராது.

சரி, தம்பியின் வண்டிக்கு வருவோம். நான் ஸ்டட் போடச் சொன்னேன். தலை இல்லாமல் இரண்டு முனையிலும் மரை உள்ள கம்பி அது; ஒரு முனை பிளாக்கில் இறங்கும், மறு முனையில் நட் போட்டு இறுக்குவோம். பலத்துக்காக இல்லை. ரேலி வண்டியில் ஹெட்டைத் திறந்து திறந்து மூட வேண்டிவரும். போல்ட் என்றால் ஒவ்வொரு தடவையும் இரும்பு அலுமினிய மரைக்குள் அரைத்துக்கொண்டு இறங்கும். ஸ்டட் ஒருமுறை உட்கார்ந்தால் அங்கேயே இருக்கும். நட் உரசுவது இரும்பின் மேல். ரோட்டில் மட்டும் ஓடும் வண்டியாக இருந்தால் கம்பெனி புது போல்ட்டே போதும் என்று சொல்லியிருப்பேன். ஹெட்டை ஸ்டட்டுக்கு மேலே நேராகத் தூக்க பானட்டுக்குள் இடம் இருக்கிறதா என்பதையும் அளந்து பார்த்துக்கொண்டோம்.

துளைகளைச் சுத்தம் செய்யவே அரை நாள் ஆனது. டேப் விடவில்லை, அது மரையையே வெட்டிவிடும். அழுக்கை மட்டும் எடுக்கும் சேசரைத்தான் விட்டோம். அப்புறம் காற்றடித்தோம். துளையின் அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால் இறங்கும் கம்பி அதை அமுக்கி பிளாக்கையே பிளந்துவிடும்.

தம்பி ஸ்பேனரை எடுத்தான். வாங்கி வைத்துவிட்டேன். "விரலால மட்டும் தம்பி. உட்கார்ந்ததும் விட்டுடு."

பத்தையும் விரலாலேயே இறக்கினான். கேஸ்கட், ஹெட், வாஷர், நட். மரைக்கும் வாஷருக்கும் ஸ்டட்டோடு வந்த பசையைத் தடவி, அதற்கென்று கொடுத்திருந்த டார்க்கை மூன்று தவணையாக, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வைத்தோம். கடைசிச் சுற்றில் ரெஞ்சை அவனிடமே கொடுத்தேன். ஒவ்வொரு க்ளிக்குக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஏழாவது நட்டிலிருந்து பார்க்கவில்லை.