பழவேற்காடு போறவங்க கவனத்துக்கு
திருவொற்றியூர், எண்ணூர் மக்களே, கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்ல ஏறி பொன்னேரியில இறங்குங்க. அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கு. பூநாரை பார்க்க டிசம்பர், ஜனவரி நல்லது. விடியற்காலையே போயிடுங்க, வெயில் ஏறினா கானல்ல பைனாகுலர்லகூட தெளிவா தெரியாது. கிட்ட நெருங்காதீங்க, இரை தேடுறதை விட்டுட்டுப் பறந்துடும். ஏரி ஓரத்துல மேல காய்ஞ்ச மாதிரி இருக்கும், காலை வெச்சா முழங்கால் வரை சேறு.

படகுச் சவாரி மட்டும் வேண்டவே வேண்டாம், யார் கூப்பிட்டாலும். 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்கு இங்க படகு கவிழ்ந்து 22 பேர் போயிட்டாங்க. மீன்பிடிப் படகுல ஆள் கூடி, எல்லாரும் ஒரே பக்கம் சாய்ஞ்சா கவிழ்ந்துடும். முகத்துவாரத்துல குளிக்கவும் இறங்காதீங்க; வத்தம் வர்றப்போ, அதாவது கடல் தண்ணி வடியறப்போ, ஏரித் தண்ணி அந்தக் குறுகின வாய் வழியா கடலுக்கு இழுக்கும். நீச்சல் தெரிஞ்சவங்களையும் விடாது. டச்சுக் கல்லறையையும் பார்த்துட்டு வாங்க.