எஸ்பெராண்டோவின் 'ஐ' உருபு

உலகினர் எல்லோருக்கும் பொதுவாக இருக்க உருவாக்கப்பட்ட செயற்கை மொழியான எஸ்பெராண்டோவைக் கற்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் நெருக்கமானது அதன் இரண்டாம் வேற்றுமைதான். ஆங்கிலம் வழியே அங்கு வருபவர்கள் பலர் தடுமாறும் அந்த இடம் தமிழருக்குப் பழகிய வாசல். 'லா ஹுண்டோ மோர்தாஸ் லா காத்தோன்' என்றால் 'நாய் பூனையைக் கடிக்கிறது'. 'காத்தோ' என்ற பூனையோடு ஒட்டிய 'ன்' நம்முடைய 'ஐ' செய்யும் வேலையைச் செய்வதால், பூனையை வாக்கியத்தின் முதலில் வைத்தாலும் கடிபடுவது பூனையாகவே இருக்கும். பெயரடையில்தான் இன்னும் பிழை செய்கிறேன். 'அழகான பூக்களை' என்னும்போது நமக்கு 'அழகான' மாறாமல் நிற்கிறது. அங்கேயோ 'பேலாய்ன் ஃப்ளோரோய்ன்' என்று இரண்டு சொற்களும் பன்மையையும் வேற்றுமையையும் ஏற்க வேண்டும்.

சொல்லாக்கமும் நமக்கு அந்நியமானதல்ல. 'சானா' என்றால் நலமான. முன்னே எதிர்மறை தரும் 'மல்' சேர்ந்தால் 'மல்சானா', நோயுற்ற. ஆளைக் குறிக்கும் 'உல்' சேர்ந்தால் 'மல்சானுலோ', நோயாளி. இடத்தைக் குறிக்கும் 'எய்' சேர்ந்தால் 'மல்சானுலேயோ', மருத்துவமனை. ஒரு வேரையும் மூன்று ஒட்டுகளையும் அறிந்தவர் அகராதியைத் திறக்காமலே இந்தச் சொல்லை எட்டிவிடுகிறார். வேர்ச்சொற்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய மொழிகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால் இதை உலகப் பொதுமொழி என்பது பொருந்தாது என்ற குறை நியாயமானதுதான்; ஆனால் அந்த வேர்களைக் கட்டும் முறை ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று.

இதை உருவாக்கிய லுத்விக் சாமென்ஹோஃப், அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த பியாலிஸ்டோக் நகரில் 1859இல் பிறந்த யூதர். ரஷ்யரும் போலந்துக்காரரும் ஜெர்மானியரும் யூதரும் தனித்தனி மொழிகளோடு பகைத்து வாழ்ந்ததைச் சிறுவயதிலேயே கண்டவர். கண் மருத்துவரான அவர் 1887இல் வார்சாவில் முதல் நூலை 'எஸ்பெராண்டோ', அதாவது 'நம்பிக்கையோடு எதிர்நோக்குபவர்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். பின்னர் அப்பெயரே மொழிக்கும் ஆனது. மொழி எல்லோருக்கும் பொதுச்சொத்து என்று சொல்லித் தம் உரிமைகள் அனைத்தையும் அந்த நூலிலேயே அவர் துறந்ததைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மாறாக, சற்று முன்பு தோன்றிய வோலாப்யூக் என்ற மற்றொரு செயற்கை மொழியில், இறுதி முடிவு தன்னுடையதே என்று அதன் ஆசிரியர் வற்புறுத்தியதால் இயக்கமே பிளவுபட்டது.

சாமென்ஹோஃப் 1917இல் மறைந்தார். அவருடைய பிள்ளைகள் மூவரையும் பின்னர் நாஜிகள் கொன்றனர். எஸ்பெராண்டோ ஆசிரியரான இளைய மகள் லிதியா 1942இல் திரெப்லிங்கா என்ற நாஜி கொலைமுகாமில் உயிரிழந்தார். மொழியோ பேசுவோரிடம் வாழ்ந்தது. இன்று பெற்றோரிடமிருந்தே அதைத் தாய்மொழியாகப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் 'தெனாஸ்குலோ'. 'தெ' என்றால் இருந்து, 'நாஸ்க்' பிறப்பு. கடைசியில் நிற்பது, நோயாளியில் பார்த்த அதே 'உல்'.