மாலை பஸ்ஸுக்கு முன் முடிகிற ஆராய்ச்சி

தர்மபுரிப் பக்கத்தில் நான் வேதியியல் கற்பிக்கும் கல்லூரியில் பாதிக்கு மேல் தினமும் ஊரிலிருந்து வந்துபோகும் பிள்ளைகள். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் மாலையில் அந்த பஸ்ஸை விட்டுவிட்டால் கைக்காசைக் கொடுத்து வேறு பஸ் பிடிக்க வேண்டும். இருட்டியபின் வீட்டில் பதிலும் சொல்ல வேண்டும். "இதுகளுக்கு ஆராய்ச்சியில் ஆர்வமே இல்லை" என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். இரவு எட்டு மணிவரை ஆய்வகத்தில் இருக்க முடிந்தவருக்கே ஆர்வம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அதனால் இளநிலை மாணவர்களுக்குத் தலைப்பு தரும்போது பஸ் நேரத்தைத்தான் முதலில் கேட்கிறேன். குடிநீரில் கிருமி பார்க்கும் ஆய்வு இவர்களுக்குச் சிரமம்: மாதிரியைக் குளிர்ச்சியாக வைத்து ஒரு நாளுக்குள் சோதிக்க வேண்டும், பிறகு விடுமுறை நாளிலும் வந்து கிருமி வளரும் தட்டைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் அதிகமானால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அப்படியல்ல. பிளாஸ்டிக் புட்டியில் பிடித்த தண்ணீர் வாரக்கணக்கில் தாங்கும். சிர்கோனியம் கலந்த ஸ்பாண்ட்ஸ் என்ற சிவப்புச் சாயத்தைச் சேர்த்தால் ஃபுளோரைடு கூடக்கூட நிறம் வெளுக்கும். 570 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளவு எடுத்துவிடலாம். மதிய இடைவேளையோடு ஒரு பாடவேளை சேர்ந்தால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஆளுக்கொரு ஊர் என்பதால், காரும் படிச்செலவும் இல்லாமலே பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஆய்வக மேசைக்கு வந்துவிடுகிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 என்பது இந்தியத் தர அளவு. எங்கள் மாவட்டத்தில் அதைத் தாண்டும் கிணறுகளுக்குப் பஞ்சமில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். எண்களைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, "ஐயா, எங்கள் வீட்டில் ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொள்வோம். சோறு போர் தண்ணீரில்தான்" என்றாள். குடிக்கும் தண்ணீரை மட்டும் கணக்கிட்டிருந்த எங்கள் படிவத்தில் அன்றே சமையலுக்கும் ஒரு பத்தி சேர்ந்தது. ஊரில் குடியிருப்பவளுக்குத் தெரிந்த இந்த விஷயம் எந்தக் கருவியிலும் தெரியாது.

தலைப்பு மாறினால் மட்டும் போதாது. ஆய்வக உதவியாளர் காலையில் சீக்கிரமே கதவைத் திறக்கிறார். அது அவருடைய நல்ல மனம், கல்லூரியின் ஏற்பாடு அல்ல. வெள்ளி மதியத்தை ஆய்வுக்கென்று கால அட்டவணையிலேயே ஒதுக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாடத்திட்டம் முடியாது என்கிறார்கள்.