டிவி பாட்டுப் போட்டி: முதல் வரிசையிலிருந்து லைவ் மேடை வரை

டிவியில் ஜட்ஜுகள் முன்னால் வந்து நிற்கும் பாடகர், அதற்கு முன்பே ஒன்றிரண்டு சுற்று தாண்டி வந்தவர். அமெரிக்கன் ஐடல் மாதிரியான பெரிய போட்டிகளில் அந்த முதல் சுற்று பல வருடம் ஸ்டேடியங்களில் நடந்தது. வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் தயாரிப்புக் குழுவினர். நாலு நாலு பேராகக் கூப்பிடுவார்கள். ஆளுக்கு அரை நிமிடம் கிடைத்தால் அதிகம். பின்னணி இசை ட்ராக் கிடையாது, மைக் கிடையாது. பக்கத்து மேசையில் இன்னொருவர் வேறு ஸ்ருதியில் முழுக் குரலெடுத்துப் பாடிக்கொண்டிருப்பார்.

இதை எழுதும் எங்களில் இப்படிப் பாடியவர்களும் உண்டு, பாடத் தயார் செய்தவர்களும் உண்டு. நல்ல குரல் இருந்தும் இந்தச் சுற்றில் விழுந்தவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஆரம்ப ஸ்வரம். பதற்றத்தில் பாட்டைத் தன்னையறியாமல் ஏற்றி எடுத்துவிடுவார்கள். முதல் இரண்டு வரி பளிச்சென்று இருக்கும். கோரஸில், அதாவது திரும்பத் திரும்ப வரும் பகுதியில், உச்சிக்குப் போகும்போது குரல் உடையும். வரிசையில் மணிக்கணக்காக அடுத்தவர் பாடுவதைக் கேட்டுக்கொண்டே நிற்பதும் காதைக் குழப்பிவிடும். இதற்கு வழி எளிது. போனில் ஒரு பியானோ ஆப், ஒரு பக்க இயர்போன். பெயர் கூப்பிடுவதற்குச் சற்று முன் ஆரம்ப ஸ்வரத்தை ஒருமுறை அழுத்திக் கேளுங்கள். அதை வாய் மூடி முனகிக்கொண்டே நடந்து போங்கள். பேர், ஊர் கேட்டால் பதில் சொல்லிவிட்டு மறுபடி ஒருமுறை முனகிவிட்டுத் தொடங்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வீடியோ கால் ஆடிஷன் என்றால் பிரச்சினை வேறு. கால் மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தை ஃபேன் சத்தம் என்று நினைத்து அது வெட்டிவிடும். அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிட்டு, ஒரு நண்பருக்கு கால் செய்து பாடிக் காட்டிச் சரிபாருங்கள்.

அடுத்தது பாட்டை வெட்டுவது. எங்களைக் கேட்டால், போட்டியில் பாதி இங்கேதான் முடிவாகிறது. ஒன்றரை நிமிடம் தருகிறார்கள் என்று வையுங்கள். டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி) 96, நாலு அடி கொண்ட பார் என்றால் ஒரு பாருக்கு 2.5 விநாடி; 90 விநாடிக்கு 36 பார். அதை 8 பார் வெர்ஸ் (சரணம்), 4 பார் ப்ரீ-கோரஸ் (கோரஸுக்கு ஏற்றிவிடும் வரிகள்), 8 பார் கோரஸ், 8 பார் பிரிட்ஜ் (நடுவில் வரும் மாறுபட்ட பகுதி), 8 பார் கடைசி கோரஸ் என்று பிரித்தால் கணக்கு நேராகிறது. முன்னிசைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பியானோவில் ஒரு கார்டு (chord), உடனே குரல். இரண்டாவது வெர்ஸை விட மனசு வராது. விட்டே ஆக வேண்டும்.

வரி மறப்பதும் இந்த வெட்டலால் வருவதுதான். வருடக்கணக்காக முழுப் பாட்டைப் பாடிய வாய், கோரஸ் முடிந்ததும் பழக்கதோஷத்தில் இரண்டாவது வெர்ஸுக்குத் தாவும். ட்ராக்கோ பிரிட்ஜில் இருக்கும். வெட்டிய நாளிலிருந்து முழுப் பாட்டைக் கேட்பதையே நிறுத்திவிடுங்கள்.

ஸ்கேலை, அதாவது எந்த உயரத்தில் பாடுவது என்பதை, முடிவு செய்யும்போது சாயங்காலக் குரலை நம்பாதீர்கள். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், அந்த உச்ச ஸ்வரத்தை அடுத்தடுத்து மூன்று முறை சுத்தமாகத் தொட முடிகிறதா? முடியவில்லை என்றால் அரை ஸ்வரம் இறக்குங்கள். பதற்றத்தில் டெம்போவும் ஓடும். நாலு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கும்போதே பாடி ரெக்கார்ட் செய்து கேளுங்கள். ஆடிஷன் அறையில் உங்கள் பாட்டு ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

குழுச் சுற்று வந்தால் முதல் அரை மணி நேரத்திலேயே பாட்டு, ஸ்கேல், யாருக்கு எந்த வரி என்பதை முடித்துவிடுங்கள். விடிய விடிய விவாதித்த குழுக்கள் மறுநாள் தொண்டை கட்டிப்போய்த்தான் மேடைக்கு வருகின்றன.

லைவ் மேடையில் பலரைக் கவிழ்ப்பது இன்-இயர் மானிட்டர், அதாவது பேண்டையும் தன் குரலையும் கேட்கக் காதுக்குள் மாட்டும் இயர்போன். பழகாதவர்கள் பாதிப் பாட்டில் ஒரு காதைக் கழற்றிவிடுவார்கள். அந்தக் காதில் அரங்கத்து ஸ்பீக்கர் சத்தம் தாமதமாக வந்து விழும். 17 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கர் என்றால் சுமார் 50 மில்லிவிநாடி. ஒரு காதில் பேண்ட் இப்போது அடிக்கிறது, இன்னொரு காதில் சற்று முன் அடித்தது கேட்கிறது. தாளமும் போகும், ஸ்ருதியும் போகும். சவுண்ட்செக்கில் சில நிமிடம்தான் கிடைக்கும் என்பதால் கேட்க வேண்டியதை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்: என் குரல் மேலே, பியானோ அதற்கடுத்து, ட்ரம்ஸில் கிக்கும் ஸ்னேரும் போதுமான அளவு, பின்னணிக் குரல்கள் கீழே.

ஒப்பந்தத்தை டிவி சுற்றுகளுக்கு முன்பே நீட்டுவார்கள். களைப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் வெளியேறிய பிறகும் உங்களை ரெக்கார்ட் செய்யும் உரிமையை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள், எத்தனை ஆல்பம், மேனேஜ்மென்டும் அதே கையில் போகிறதா என்ற மூன்றையும் இசைத்துறை தெரிந்த வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

ஏனென்றால் கிடைத்த இடத்தைவிட, அதற்குப் பிறகு வரும் மாதங்கள் முக்கியம். கெல்லி கிளார்க்சன் 2002 செப்டம்பரில் அமெரிக்கன் ஐடலின் முதல் சீசனை வென்றதும் முதல் சிங்கிள் (தனிப் பாட்டு வெளியீடு) உடனே கடைக்கு வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் தரவரிசைப் பட்டியலில் 52-ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் முதல் இடம். முதல் ஆல்பம் 2003-இல். 2004-இல் அதே போட்டியில் ஜெனிஃபர் ஹட்சன் ஏழாவது இடத்தோடு வெளியேறினார். 2007-இல் ஆஸ்கர் வாங்கினார். 2010-இல் பிரிட்டனின் எக்ஸ் ஃபேக்டர் போட்டியில், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாட்டுக் குழுவான ஒன் டைரக்‌ஷனுக்குக் கிடைத்தது மூன்றாவது இடம்தான்.

வெளியேறிய வாரத்தில் பேட்டி, போன், அழுகை எல்லாம் சேர்ந்து பாட்டைவிட அதிகமாகத் தொண்டையைக் கெடுக்கும். இரண்டு நாள் பேச்சைக் குறையுங்கள், கிசுகிசுப்பதையும் சேர்த்துத்தான். பிறகு பேண்டில் வாசித்தவர்களின் நம்பரைத் தேடி எடுத்து, முதல் டெமோவுக்கு நாள் குறியுங்கள்.