காவேரியா, போரா?

பெங்களூரில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுவது, "காவேரியா, போரா?" வீட்டுக்கு வருவது காவேரிக் குழாய்த் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா என்று அர்த்தம். எங்கள் மாடி போர்ஷனைக் காட்டும்போதெல்லாம் "போர்தான்" என்று நான் முனகுவேன். பாதிப் பேர் படிக்கட்டிலேயே திரும்பிவிடுவார்கள்.

எங்கள் லேஅவுட் மகாதேவபுரா பக்கம். 2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களில் ஒன்றின் பழைய வயல் அது. முப்பதுக்கு நாற்பது மனை, அப்பா கட்டிய வீடு. 2024 கோடையில் எங்கள் போர் காற்றைத் துப்ப ஆரம்பித்தது. 12,000 லிட்டர் லாரிக்கு 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று அரசு விலை கட்டியது. அந்த விலைக்கு எங்களுக்கு லாரி கிடைத்த நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அந்த வருடம் அக்டோபர் 16ஆம் தேதி காவேரி ஐந்தாம் கட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர், முக்கியமாக எங்களைப் போன்ற அந்த 110 கிராமங்களுக்கு. மண்டியா மாவட்டத்துத் தொரெகாடனஹள்ளியில் சுத்திகரித்து, அங்கே, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடங்களில் பம்ப் செய்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரமும் 500 மீட்டர் உயரமும் ஏற்றித்தான் தண்ணீர் இந்த ஊருக்கு வருகிறது. இதை அம்மாவிடம் விளக்கினேன். அம்மா மாயவரத்துக்காரி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம ஊருக்கு வர வேண்டியதை நடு வழியில மறிச்சுக் குடிக்கப் போறோம்னு சொல்லு" என்றாள்.

காவேரி இணைப்புக்கு விண்ணப்பம் போடுவது ஒன்றும் கஷ்டமில்லை. குடிநீர் வாரியத்தின் தளத்திலேயே போடலாம். கட்டா (சொத்து யார் பெயரில் என்று காட்டுகிற மாநகராட்சிப் பதிவு), சமீபத்திய சொத்து வரி ரசீது, கட்டட வரைபட அனுமதி, அடையாள அட்டை. இவ்வளவுதானே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்தேன். கட்டாவை எடுத்துப் பார்த்தால் அதில் அப்பா பெயர். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. வருடா வருடம் அவர் பெயரிலேயே வரி கட்டி, அவர் பெயரிலேயே ரசீது வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட உறுத்தவில்லை.

சரி, பெயரை மாற்றினால்தான் மேலே போக முடியும். இறப்புச் சான்றிதழ் இருந்தது. நம் ஊரில் வாரிசுச் சான்றிதழ் என்கிறோமே, அதற்குப் பதில் இங்கே 'வம்ஷவ்ருக்ஷா', அதாவது வம்ச மரம், என்று ஒன்று கேட்பார்கள். அதை நாடகச்சேரி என்கிற வருவாய்த் துறை அலுவலகத்தில் வாங்க வேண்டும். முதல் தடவை பெயரைக் கேட்டதும் நாடகக் கொட்டகை என்று நினைத்துவிட்டேன். அதற்கு அப்புறம் அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்ட பத்திரம். தங்கை இருப்பது கோயம்புத்தூரில். எல்லாம் சேர்ந்து மூன்றரை மாதம். தண்ணீர் இணைப்பு வாங்க எவ்வளவு நாள் ஆனது என்று இப்போது யாராவது கேட்டால், பெரும்பங்கு என் சோம்பேறித்தனத்துக்கு ஆன நாள்தான் என்று சொல்கிறேன். உங்கள் தெருவுக்குக் குழாய் இன்னும் வரவில்லை என்றாலும் இன்றைக்கே கட்டாவை எடுத்து, யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பம் போட்டதும் இன்ஜினியர் வந்து பார்த்தார். வீட்டை அளந்தார், சம்ப்பை (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை) பார்த்தார், நேரே மொட்டை மாடிக்குப் போய் மழைநீர்க் குழாய் எங்கே போகிறது என்று கேட்டார். அது ஒழுங்காகத் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. 2009க்குப் பிறகு 1,200 சதுர அடியோ அதற்கு மேலோ உள்ள மனையில் கட்டிய வீட்டுக்கு மழைநீர் சேமிப்பு கட்டாயம். எங்களுடையது 2012இல் கட்டியது, மனை சரியாக 1,200. தப்பிக்க வழியே இல்லை. கேட் ஓரமாக மூன்றடி அகலம், இருபதடி ஆழத்தில் ஓர் உறை கிணறு இறக்கினோம். பரம்பரையாகக் கிணறு வெட்டுகிற மண்ணு வட்டர்கள் இரண்டு பேர் வந்து இரண்டே நாளில் முடித்தார்கள். கடப்பாரையும் கூடையும் தவிர ஒரு கருவி கிடையாது. இந்த மொத்தக் கதையிலும் சொன்ன நாளில் சொன்ன காசுக்கு முடிந்த வேலை இது ஒன்றுதான்.

அப்புறம் எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று சொல்லும் டிமாண்ட் நோட்டு வந்தது. கட்டடத்தின் பரப்பளவை வைத்துத்தான் கணக்கு, அதனால் மாடி போர்ஷனும் அதில் சேரும். பணம் கட்டி, ரோடு வெட்ட அனுமதி வாங்கி, லைசென்ஸ் உள்ள பிளம்பரை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். மீட்டர் பொருத்தி ஆர்ஆர் நம்பர், அதாவது இணைப்பு எண், கொடுத்தார்கள்.

குழாய் கேட் வரைக்கும் வந்தாயிற்று. ஆனால் வீடு தயாராக இல்லை. இதை யாருமே எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

எங்கள் சம்ப்பில் லாரிக்காரர் மூடியைத் திறந்து பைப்பைப் போட்டுவிடுவார், போர்த் தண்ணீருக்கு மேலே ஒரு குழாய். தெருவிலிருந்து தானாக வருகிற தண்ணீருக்கு அழுத்தம் குறைவு. நம் வசதிக்கு உயரத்தில் குழாய் வைத்தால் அது ஏறாது. லைனிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சினால் அபராதம் போடுவார்கள், மோட்டாரையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அக்கம்பக்கத்தார் சாபம் தனி. ஆகவே சம்ப்பின் சுவரைத் தரைமட்டத்துக்குக் கீழே துளைத்து உள்வரும் குழாயை இறக்கினோம். அதற்காகச் சம்ப்பைக் காலி செய்தபோது அடியில் முழங்கால் அளவு சேறு. பன்னிரண்டு வருட போர் மண். ஆள் விட்டு அள்ளி, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு ஊற வைத்தோம். இவ்வளவு நாள் இதைத்தான் குடித்தோமா என்று என் மனைவி கேட்டாள். ஃபில்டர் இருந்ததே என்றேன். அவள் பதில் சொல்லவில்லை.

போர் லைனை காவேரிச் சம்ப்போடு சேர்க்காதீர்கள். "ரெண்டும் ஒரே டேங்குக்குத்தானே போகுது" என்று எங்கள் பிளம்பர் சேர்க்கத்தான் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா தங்கவயல்காரர், இந்த ஊரில் நாற்பது வருடம் இருக்கிறவர். அவர்தான் வந்து சத்தம் போட்டுத் தடுத்தார். இப்போது போர் தோட்டத்துக்கும் கழிவறைக்கும், காவேரி சமையலுக்கும் குளியலுக்கும். துவரம்பருப்பு மூன்று விசிலில் குழைகிறது. பக்கெட்டில் வெள்ளைப் படலம் இல்லை.

முதல் தண்ணீர் விடிகாலை மூன்று மணிக்கு வந்தது. முதலில் குழாய் உறுமியது, பிறகு கலங்கல், பிறகு தெளிவு. அம்மா மீட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். மாதம் ஒரு முறை ரீடிங் எடுக்க வருகிறவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் படிக்கிறார். எங்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் முறை. வால்வு திறக்க வருகிற வாட்டர்மேன் பையன் அம்மாவை "அஜ்ஜி" என்பான், அம்மா அவனைத் "தம்பி" என்பாள். யாருக்கு யார் பாஷை புரிகிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் தண்ணீர் என்றைக்கு வராது என்பது எனக்கு முன்னால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

நான்காவது மாதம் பில்லைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துப் பதினெட்டு ஆயிரம் லிட்டர் ஆவது வழக்கம். அந்த மாதம் ஐம்பத்து நான்கு. கட்டணம் 8,000, 25,000, 50,000 லிட்டரைத் தாண்டத் தாண்டப் படிப்படியாக ஏறும். அதனால் மும்மடங்கு தண்ணீருக்கு மும்மடங்கு பணத்தோடு போகாது. தண்ணீர்க் கட்டணத்தின் மேல் கழிவுநீருக்கு என்று ஒரு பங்கும் சேரும். மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி 1916க்கு போன் செய்யப் போனேன். அந்தப் பையன்தான் நிறுத்தினான். "ராத்திரி நீரு வர்ற டைம்ல மூடியைத் திறந்து பாருங்க சார்" என்றான். பார்த்தேன். சம்ப்பின் ஃப்ளோட் வால்வு பழுது. நிறைந்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, வழிவதெல்லாம் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சத்தமே இல்லாமல் பாதாளச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. 500 மீட்டர் ஏற்றிக் கொண்டுவந்த தண்ணீர். பிளாஸ்டிக் வால்வை எடுத்துவிட்டுப் பித்தளை போட்டோம். ஓவர்ஃப்ளோ குழாயையும் கண்ணில் படுகிற மாதிரி வாசல் பக்கம் திருப்பிவிட்டேன்.

இப்போது மாதம் ஒரு நாள், முறைத் தண்ணீர் வந்து சம்ப் நிறைந்த பிறகு டார்ச் அடித்து மீட்டரைப் பார்க்கிறேன். வால்வு ஒழுங்காக மூடியிருந்தால் உள்ளே இருக்கிற சின்னச் சக்கரம் அசையக் கூடாது. அசைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது.

ஐப்பசி கடைசி நாள், மாயவரத்தில் காவேரியில் நீராடுகிற கடைமுழுக்கு. அம்மா இந்த வருடமும் ஊருக்குப் போக முடியவில்லை. அன்றைக்குப் பார்த்து எங்கள் தெருவுக்கு முறை இல்லை. முதல் நாளே ஒரு குடம் பிடித்து, யாரும் தொடக் கூடாது என்று மூடி போட்டுப் பின்கட்டில் வைத்திருந்தாள்.